வெளிநாட்டுப் படிப்பை ரத்து செய்வது எப்படி: விசா நிலையும் பணம் திரும்பப் பெறும் விதிகளும்

வரப்போவதில்லை என்று முடிவெடுத்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுகிறவர்கள் அதிகம். அந்த மின்னஞ்சல் தவறான நேரத்தில் போனால், வந்திருக்க வேண்டிய பணம் வராமல் போகலாம். அதைவிட மோசமாக, உங்கள் பெயரில் ஒரு விசா மறுப்பும் பதிவாகிவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவது வரிசையைப் பற்றித்தான்: எதை முதலில் ரத்து செய்வது, எதைக் கடைசியில் ரத்து செய்வது.

கல்விக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வங்கியில் முடக்கி வைத்த தொகை, விடுதி முன்பணம் என்று நீங்கள் கட்டிய பணம் பல இடங்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஆனால் அந்த விதிகளில் பெரும்பாலானவை பார்ப்பது இரண்டே விஷயம்தான். நீங்கள் விலகியபோது விசா எந்த நிலையில் இருந்தது? விலகியதற்கு எழுத்தில் பதிவான காரணம் என்ன? இந்த இரண்டுக்கும் உங்களிடம் தெளிவான பதில் இருக்கும் வரை யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள்.

படி 1: பணம் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதினாலே போதும். யாருக்குக் கட்டினீர்கள், எந்தத் தேதியில், எவ்வளவு, யாருடைய கணக்கிலிருந்து, எந்த வழியில். கார்டா, வங்கிப் பரிமாற்றமா, பணப் பரிமாற்ற நிறுவனமா என்பது முக்கியம். ஏன் என்று பின்னால் வரும். ரசீதுகளையும் பரிமாற்ற எண்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

கூடவே, ஆஃபரை ஏற்றபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் தேடி எடுங்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இன்று இருக்கும் ரீஃபண்ட் விதியும் நீங்கள் ஏற்ற அன்று இருந்த விதியும் வேறாக இருக்கலாம். வாதிடும் நிலை வந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்ட பதிப்பைக் காட்டித்தான் பேச வேண்டும்.

ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தவர்கள் இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். விண்ணப்பக் கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதா, ஏஜென்டுடையதா? அவருடையது என்றால் முதலில் அதை மாற்றச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். ரீஃபண்ட் தொடர்பான கடிதங்கள் உங்கள் கண்ணுக்கு முதலில் வர வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுத்த சேவைக் கட்டணம் தனிக் கணக்கு. பல்கலைக்கழகம் அதற்குப் பொறுப்பேற்காது.

படி 2: விசா எந்த நிலையில் இருக்கிறது?

இன்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால் உங்கள் நிலைமை எளிது. பல்கலைக்கழகத்தின் விதி மட்டுமே பேசும். டெபாசிட் போகலாம், மீதி வரலாம். பிரிட்டனில் இணையம் வழியாக ஆஃபரை ஏற்ற மாணவர்களுக்குப் பெரும்பாலும் 14 நாள் அவகாசம் உண்டு; அந்தக் காலத்துக்குள் விலகினால் டெபாசிட்டும் திரும்ப வரும். தேதியை எண்ணிப் பாருங்கள்.

விண்ணப்பித்துவிட்டீர்கள், முடிவு வரவில்லை என்பதுதான் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய நிலை. காரணம், இந்தக் கட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு முதலில் தகவல் சொன்னால் அவர்கள் சேர்க்கைச் சான்றை ரத்து செய்துவிடுவார்கள். சான்று இல்லாத விண்ணப்பம் விசா அதிகாரியின் மேசைக்குப் போகும், அவர் மறுப்பார். நீங்களாக விலகியிருக்க வேண்டியது மறுப்பாகப் பதிவாகும். ஆகவே முதலில் விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள், அது உறுதியானதற்கான கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்.

விசா மறுக்கப்பட்டுவிட்டால் மறுப்புக் கடிதம்தான் உங்கள் பணத்துக்குச் சாவி. மனம் உடைந்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

விசா கிடைத்தும் போகவில்லை என்றால் திரும்ப வரும் தொகை பொதுவாகக் குறைவு. பல்கலைக்கழகங்கள் இதை உங்கள் சொந்த விருப்பத்தில் விலகியதாகவே எடுத்துக்கொள்ளும்.

படி 3: போகவிருந்த நாட்டின் விதியைப் பாருங்கள்

பிரிட்டன்

இங்கே பெரிய தொகை ஐஹெச்எஸ் எனும் சுகாதார மிகைக் கட்டணம். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். ஓராண்டு முதுகலைக்குப் பொதுவாக 16 மாத விசா தருவதால் 1,164 பவுண்ட் வரை கட்டியிருப்பீர்கள். விசா மறுக்கப்பட்டாலும், முடிவு வருவதற்கு முன் நீங்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும் இந்தத் தொகை முழுதாக வரும். விசா கொடுத்த பிறகு "நான் போகவே இல்லையே" என்று கேட்டால் வராது; பாதியில் நாடு திரும்பினாலும் வராது. போகப்போவதில்லை என்பது உறுதியான பிறகும் முடிவு வரட்டும் என்று காத்திருப்பது ஆயிரம் பவுண்டுக்கு மேல் நழுவவிடுவதற்குச் சமம்.

விசாக் கட்டணத்தின் விதி வேறு. கைரேகையும் புகைப்படமும் கொடுப்பதற்கு முன் திரும்பப் பெற்றால் மட்டுமே அது வரும். கொடுத்துவிட்டால் விசாக் கட்டணம் போனதுதான், ஐஹெச்எஸ் மட்டும் திரும்பும். விண்ணப்ப மையத்தில் நேரம் குறித்திருந்து மனம் மாறியவர்கள் அந்த நாளுக்கு முன்பே முடிவெடுங்கள்.

டெபாசிட்டைப் பொறுத்தவரை, விசா மறுப்புக் கடிதம் காட்டினால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் திருப்பிக் கொடுக்கின்றன. போலி ஆவணம் கொடுத்ததால் மறுப்பு என்றால் கொடுக்க மாட்டார்கள். நேர்காணலில் சரியாகப் பதில் சொல்லாதது, பணம் காட்டும் விதியைப் பின்பற்றாதது போன்ற காரணங்களுக்கும் பிடித்தம் செய்யும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் இந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

ஆஸ்திரேலியா

மாணவருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே உறுதியானது. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2000-ஆம் ஆண்டின் ஈசாஸ் சட்டம் ரீஃபண்ட் கணக்கையே வகுத்துக் கொடுக்கிறது. விசா மறுக்கப்பட்டதால் படிப்பைத் தொடங்க முடியவில்லை என்றால், கல்வி நிறுவனம் பிடித்துக்கொள்ளக்கூடியது நீங்கள் கட்டிய கட்டணத்தில் 5 சதவீதம் அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், இதில் எது குறைவோ அதுதான். 15,000 டாலர் கட்டியிருந்தால் 5 சதவீதம் 750. ஆகவே 500 மட்டும் பிடிக்கலாம். 6,000 கட்டியிருந்தால் 300 மட்டும். மீதியை நான்கு வாரங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கணக்கு எழுதியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடாது.

ஆனால் விசா முடிவு வருவதற்கு முன் நீங்களாகவே விலகினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விலகல் விதிதான் செல்லும். படிப்பு தொடங்கும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடுவது வழக்கம். ஆகவே மனம் மாறி விலகுபவர் சீக்கிரமாக விலக வேண்டும். உண்மையாகவே விசாவுக்காகக் காத்திருப்பவர், தாமதத்தைக் கண்டு பதறித் தானாக விலகல் கடிதம் கொடுத்துவிடக் கூடாது.

விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தாலும் திரும்ப வராது. ஓஎஸ்ஹெச்சி மருத்துவக் காப்பீட்டைத் தனியாக அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். பல்கலைக்கழகம் மூலம் கட்டியிருந்தாலும் இதைத் தனி வரியாகக் கேளுங்கள். நிறையப் பேர் விட்டுவிடும் தொகை இது.

கனடா

பரிசீலனை தொடங்குவதற்கு முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் படிப்பு அனுமதிக் கட்டணமான 150 கனடிய டாலர் வரும். தொடங்கிய பிறகு வராது. கைரேகைக்கான 85 டாலர், கைரேகை கொடுத்த பிறகு வராது. ஒரு ஆறுதல்: கொடுத்த கைரேகை 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மறுபடி விண்ணப்பித்தால் அந்தச் செலவு இல்லை.

இங்கே பெரிய தொகை ஜிஐசி, அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டக் கனடிய வங்கியில் போட்டு வைக்கும் வைப்புத்தொகை. 2024 ஜனவரியில் 20,635 டாலராக உயர்ந்த தொகை, 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலர். இது கல்லூரியிடம் இல்லை, வங்கியிடம் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தை வங்கியின் ரீஃபண்ட் பக்கத்தில் ஏற்றிக் கேட்க வேண்டும். நீங்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் குடிவரவுத் துறை தரும் உறுதிக் கடிதம் தேவைப்படும். அந்தக் கடிதம் வராமல் வங்கி அசையாது என்பதால்தான் வரிசையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை, மறுப்பு என்றால் நிர்வாகக் கட்டணம் போக மீதியைக் கொடுப்பதே கல்லூரிகளின் பொதுவான வழக்கம். ஆனால் மறுப்புக் கடிதத்தைக் கொடுக்கக் கடைசித் தேதி வைத்திருப்பார்கள். சில இடங்களில் அது வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும். மறுபரிசீலனைக்கு முயன்றுகொண்டிருக்கும்போதே இந்தத் தேதி தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா

எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு இரண்டு அடிப்படைக் கட்டணங்கள். தூதரகத்துக்கான விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் கணினி முறை) கட்டணம் 350 டாலர். இரண்டும் திரும்ப வராதவை. ஒரே செவிஸ் கட்டணத்தைத் தவறுதலாக இருமுறை கட்டியது போன்ற மிகச் சில காரணங்களுக்கே விலக்கு.

பணம் வராவிட்டாலும் கட்டியதைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விசா மறுக்கப்பட்டு, அந்தத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் அதே வகை விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. விசா வாங்குவதற்கு முன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், பழைய ஐ-20-க்கு (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) கட்டியதைப் புதிய ஐ-20-இன் செவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். தூதரகக் கட்டண ரசீது, கட்டிய நாளிலிருந்து 365 நாட்களுக்குச் செல்லும். நேர்காணலுக்குப் போகாமல் இருந்தால் அந்தக் காலத்துக்குள் வேறு நேரம் குறிக்கலாம்.

விசா முத்திரை விழுந்த பிறகு விலகினால், பல்கலைக்கழகம் உங்கள் செவிஸ் பதிவை ரத்து செய்யும். முத்திரை பாஸ்போர்ட்டில் அப்படியே இருக்கும், ஆனால் அதைக் காட்டி உள்ளே போக முடியாது. சுற்றிப் பார்க்கப் போகலாமே என்று அந்த விசாவில் கிளம்புவது பெரிய ஆபத்து. எந்த நாட்டு மாணவர் விசாவுக்கும் இது பொருந்தும்.

ஜெர்மனி

அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லாததால் இங்கே கவலை முடக்கக் கணக்கைப் பற்றித்தான், அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு. ஆண்டுக்கு 11,904 யூரோ. விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தை வைத்துக் கணக்கை மூடலாம். நீங்களாக விலகினால், கணக்கின் தடையை நீக்கலாம் என்று ஜெர்மன் தூதரகமோ அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகமோ எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் அதே கடிதத்தில் இந்தத் தடை நீக்கச் சான்றையும் கேட்டுவிடுங்கள்.

மறுப்பை எதிர்த்துத் தூதரகத்திலேயே எழுத்தில் முறையிடும் வழி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்கலாம் அல்லது நீதிமன்றம் போகலாம். பழைய தகவலை நம்பி மாதக்கணக்கில் பணத்தை முடக்கி வைக்காதீர்கள்.

ஒரு பருவத்துக்கு மட்டும் போகிறவர்கள்

சொந்தக் கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டருக்கு மட்டும் வெளிநாடு போகும் திட்டங்களில் விதி வேறு மாதிரி. பதிவுத் தொகை திரும்பாது. தொடங்கும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் படிப்படியாக ஏறும். அதோடு, விடுதி, பயணம் என உங்கள் பெயரில் ஏற்கெனவே செலவழித்த தொகையையும் கழிப்பார்கள். அந்தக் கழிவுக்குக் கணக்கு கேட்டு வாங்குங்கள். விலகல் கடிதத்தை வெளிநாட்டு அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுச் சொந்தக் கல்லூரியை மறந்துவிடாதீர்கள். அந்தப் பருவத்துக்கான பாடங்களில் உங்கள் பெயரை அங்கே மீண்டும் சேர்க்க வேண்டுமே.

படி 4: ஒத்திவைப்பதா, ரத்து செய்வதா?

"அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடலாமே" என்று பல்கலைக்கழகமும் ஏஜென்டும் சொல்வார்கள். உண்மையில் போகும் எண்ணம் இருந்தால் நல்ல யோசனை. டெபாசிட் அப்படியே நகரும். ஆனால் ஒத்திவைத்த டெபாசிட் இனித் திரும்பாது என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. போவோமா என்பதே சந்தேகம் என்றால், இப்போது பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. தள்ளிப் போட்டாலும் பழைய சேர்க்கைச் சான்றை வைத்து விசா வாங்க முடியாது, புதிய தேதியுடன் புதிய சான்று வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 5: விலகல் கடிதம்

விசா விஷயம் முடிந்த பிறகே இது. நீளம் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது பின்வரும் பொருள் இருந்தால் போதும்:

"என் மாணவர் எண் இது, படிப்பு இது, தொடங்கும் தேதி இது. இந்தத் தேதியில் என் மாணவர் விசா மறுக்கப்பட்டதால் என்னால் படிப்பைத் தொடங்க முடியவில்லை. மறுப்புக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவின்படி, நான் கட்டிய இவ்வளவு தொகையைத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். பிடித்தம் ஏதும் இருந்தால் அதன் கணக்கை எழுத்தில் தெரிவிக்கவும். பணம் கட்டிய ரசீதும் இணைப்பில் உள்ளது."

காரணத்தை உண்மையாக எழுதுங்கள், ஒரே ஒரு காரணத்தை எழுதுங்கள். விசா மறுக்கப்பட்டவர் அதோடு "வீட்டிலும் சூழ்நிலை சரியில்லை, வேறு கல்லூரியும் பார்த்துவிட்டேன்" என்று சேர்த்து எழுதினால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சொந்த விருப்பத்தில் விலகியதாகக் கணக்கிட இடம் கொடுத்ததாகும். உடல்நலம் அல்லது குடும்பத்தில் மரணம் என்றால் அதற்குச் சான்றை இணைத்துக் கருணை அடிப்படையில் கேட்கலாம். பல நிறுவனங்களில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ரீஃபண்ட் படிவம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். சில இடங்களில் படிவம் வந்த தேதியைத்தான் விலகிய தேதியாக எடுக்கிறார்கள்.

விடுதி ஒப்பந்தத்துக்கு அன்றே தனிக் கடிதம் அனுப்புங்கள். பிரிட்டனில் பல தனியார் மாணவர் விடுதிகளில் விசா கிடைக்காவிட்டால் வாடகை வேண்டாம் என்ற விதி உண்டு. ஆனால் மறுப்பு வந்து சில நாட்களுக்குள் சான்றோடு சொல்ல வேண்டும். பயணக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், பல பாலிசிகளில் விசா மறுப்பு விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

படி 6: பணம் வரும் வழி

பணமோசடித் தடுப்பு விதிகளால், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி அனுப்புவதுதான் நடைமுறை. மாமாவின் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் மாமாவின் கணக்குக்குத்தான் போகும். அந்தக் கணக்கை மூடியிருந்தால் வங்கியின் கடிதத்தோடு முன்கூட்டியே தெரிவியுங்கள். ஏஜென்டின் கணக்கு எண்ணை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

மாற்று விகிதத்தாலும் இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தாலும் கொஞ்சம் குறையும். அதைப் பல்கலைக்கழகம் ஈடு செய்யாது. கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கு உடனே எழுதுங்கள். வெளியே போன தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ரீஃபண்ட் நேராகக் கடன் கணக்குக்கு வரட்டும், இன்னும் கொடுக்காத தவணைகள் நிற்கட்டும், கடைசியில் கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: பணம் வராவிட்டால்

ஒப்பந்தத்தில் சொன்ன நாள் கடந்ததும் ஒரு நினைவூட்டல், பிறகு அதே நிறுவனத்தின் முறையான புகார்ப் பிரிவு. இதைத் தாண்டாமல் வெளியே போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் உயர்கல்வி மாணவர்களுக்கு 2025 பிப்ரவரி முதல் மாணவர் புகார்களை விசாரிக்கும் தேசிய மாணவர் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். கல்வி நிறுவனமே மூடப்பட்டாலோ படிப்பை நடத்தத் தவறினாலோ, 14 நாட்களுக்குள் அந்த நிறுவனம் மாற்று இடமோ பணமோ தர வேண்டும். தராவிட்டால் அரசின் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை தலையிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவராகப் பதிவு செய்தவர்கள் உள்முறையீட்டை முடித்துவிட்டு மாணவர் புகார்களை விசாரிக்கும் ஓஐஏ எனும் சுதந்திரமான அமைப்புக்குப் போகலாம். எங்கே போனாலும் தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது; எழுத்தில் இருப்பதே பேசும்.

அங்கே போன பிறகு விலகுவதாக இருந்தால்

இப்போது பணத்தைவிட உங்கள் குடிவரவு நிலைதான் முக்கியம். அமெரிக்காவில் வகுப்பை நிறுத்துவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலரிடம் சொல்லி, அவர் அனுமதி பெற்று விலகினால் கிளம்ப 15 நாட்கள் கிடைக்கும். சொல்லாமல் நிறுத்தினால் ஒரு நாளும் கிடையாது. ஐந்து மாதங்களுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் திரும்பப் படிக்கப் புதிய ஐ-20-உம் புதிய செவிஸ் கட்டணமும் வேண்டும். பிரிட்டனில் பல்கலைக்கழகம் 10 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கும். அதன் பிறகு விசா வழக்கமாக 60 நாட்களாகச் சுருக்கப்படும். கனடாவில் 2024 நவம்பர் 8-க்குப் பிறகு, கல்லூரி மாறவே புதிய படிப்பு அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதங்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற, முதல் நிறுவனத்தின் விடுவிப்பு தேவை.

கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது எந்த வாரத்தில் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வாரவாரியான சதவீத அட்டவணையை வெளியிடுகின்றன. ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு படி இறங்கிவிடும். அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மறுப்புக் கடிதம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்ற உறுதி, பல்கலைக்கழகத்தின் விலகல் ஒப்புதல் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தாலும் முன்பு எப்போதாவது மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். மறுப்பு இருந்தால் ஆம் என்று எழுதிக் காரணத்தைச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே அடுத்த மறுப்புக்கும் சில நாடுகளில் பல ஆண்டுத் தடைக்கும் காரணமாகும். நீங்களாகத் திரும்பப் பெற்ற விண்ணப்பம் மறுப்பு ஆகாது. ஆனால் சில படிவங்கள் திரும்பப் பெற்றதையும் தனியாகக் கேட்கும், அங்கே கேள்வியை ஒருமுறைக்கு இருமுறை படித்து, கையில் இருக்கும் கடிதத்தின் தேதியைப் பார்த்தே நிரப்புங்கள்.